தரைக்கு வந்த அரக்கு

பங்களாவின் மரத்தரையில் வெள்ளை பூத்துவிட்டால் முதலில் பழி சுமப்பது மரம்தான். "பலகை ஊறிப் போச்சு" என்பார் அப்பு. "அந்தக் காலத்திலேயே மட்டமான மரத்தைப் போட்டிருக்கானுங்க" என்பார் பார்க்க வந்த தச்சு பாஸ். இரண்டும் பெரும்பாலும் தப்பு. மரத்துக்கு மேலே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராத தடிப்பில் ஒரு படலம் கிடக்கிறது. தெளிவாக இருக்கும்வரை அதை யாரும் பார்ப்பதில்லை. மரத்தின் மினுக்கம் என்றே நினைத்துக்கொள்கிறோம். வெளுத்த அன்றைக்குத்தான் அது கண்ணில் படுகிறது. இலங்கையின் ஊவா மாகாணத்தில், நமுனுகுல மலையடிவாரத்துப் பழைய பங்களாக்களில் அந்தப் படலம் அரக்கு. அது இங்கே பிறந்ததல்ல. வடக்கே 1,800 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ராஞ்சியைச் சுற்றிய சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்து மரக்கிளைகளில் ஒரு பூச்சி கசியவிட்ட பிசின்.

அந்தப் பூச்சி முட்டையை விட்டு வரும்போது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இளங்கிளையில் கொஞ்சம் ஊர்ந்து, சாறு கிடைக்கும் இடமாகப் பார்த்து வாய் ஊசியைச் செருகி உட்கார்ந்துவிடும். பெண்பூச்சிக்கு அதோடு நடமாட்டம் முடிந்தது. சாற்றை உறிஞ்சிக்கொண்டே உடம்பைச் சுற்றிப் பிசினைக் கசியவிட்டு, அந்தக் கூட்டுக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டுச் சாகும். பக்கத்துப் பூச்சிகளின் கூடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கிளை முழுக்கச் செம்பழுப்பாகத் தடித்துவிடும். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான். ஒரு கிலோவுக்கு எத்தனை லட்சம் பூச்சிகள் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் தரையில் கால்வைக்கக் கூசும்.

புரசு, இலந்தை, குசும் ஆகிய மூன்றும்தான் அங்கே முக்கியமான மரங்கள். குசும் என்பது நமக்கு அந்நியமல்ல. ஊவாவின் வறண்ட பக்கத்துக் காடுகளில் சிங்களவர் கோன் என்று சொல்லும் அதே மரம். குசும் மரத்து அரக்குத்தான் வெளிர்நிறத்தில், உயர்ந்த தரமாக வரும். புரசிலும் இலந்தையிலும் வாழும் வகைக்கு வருஷத்தில் இரண்டு அறுவடை: ஐப்பசி கார்த்திகை வாக்கில் ஒன்று, வைகாசியில் இன்னொன்று. அடுத்த போகத்துக்குப் பூச்சி உயிரோடு இருக்கும் குச்சிகளைப் புதுமரத்தில் கட்டிவிடுவது, பழுத்த கிளையைத் தறிப்பது, சுரண்டுவது எல்லாம் முண்டா, ஒராவோன் பழங்குடியினரின் கை வேலை. 1899, 1900இல் பிர்சா முண்டா கிளர்ந்தெழுந்த குந்தி வட்டாரம் அரக்குக்கும் பெயர்போன இடம்.

மேலைநாட்டுக்கு இந்தப் பூச்சியின் வாழ்க்கையை முறையாக எழுதிச் சொன்னவர் ஜேம்ஸ் கெர். லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் 1781இல் அவருடைய கட்டுரை வந்தது. இன்று பூச்சியின் அறிவியல் பெயரான கெரியா லாக்கா அவர் பெயரைத்தான் சுமக்கிறது. ஆனால் அன்றைக்கு வியாபாரிகளுக்குப் பிசின் பெரிதாகத் தெரியவில்லை. கொம்பரக்கைக் கழுவும்போது இறங்கும் சிவப்புச் சாயமே முதல்தரச் சரக்கு. 1856க்குப் பிறகு ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களிலிருந்து ஒவ்வொன்றாகச் செயற்கைச் சாயங்கள் வர, அரக்குச் சாயம் விலைபோகாமல் கழிவுநீரானது. கழிவாகக் கிடந்த பிசின் சரக்கானது.

பிசினைச் சரக்காக்கும் வேலை லேசானதல்ல. சுரண்டிய அரக்கை நொறுக்கி, தொட்டியில் போட்டுக் காலால் மிதித்துக் கழுவிக் காயவைப்பார்கள். அந்தக் குருணையை இருபது முப்பது அடி நீளத் துணிப்பைக்குள் அடைத்து, கரி அடுப்பின் முன்னே பையை முறுக்கிக்கொண்டே போவார் ஒருவர். சூட்டில் உருகிய பிசின் துணியின் இழை வழியே பிதுங்கி வரும். குப்பை பைக்குள் நின்றுவிடும். அதை வழித்து, வெந்நீர் நிரப்பிய உருளையின்மேல் பரப்பித் தோசை கனத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு இன்னொருவர் அந்தச் சூடான தகட்டை எடுத்து, கால்விரலில் ஒரு முனை, கையில் ஒரு முனை, பல்லில் ஒரு முனை என்று பிடித்து அடுப்பு வெக்கையில் நின்று இழுப்பார். மெல்லிய தாளாக விரிந்ததும் ஆறவிட்டு நொறுக்கினால் அவலரக்கு. மிர்சாபூர் பட்டறைகளிலும் மேற்கு வங்கத்து ஜால்தா, பல்ராம்பூர் பட்டறைகளிலும் இதுதான் அன்றாடம். சாக்கில் கட்டிக் கல்கத்தா துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். சாக்குக்கு இரண்டு மணங்கு, 164 இறாத்தல், என்பது அந்த வியாபாரத்தின் கணக்கு.

அவலை வைத்துக்கொண்டு தரைக்கு எதுவும் செய்ய முடியாது. அதைக் கரைக்க வேண்டும். தண்ணீரில் அரக்கு கரையாது. சாராயச் சத்தில் கரையும். சாராயத்துக்கோ வரி. 1855இல் பிரிட்டிஷ் அரசு, குடிக்க முடியாதபடி மரச் சாராயம் கலந்துவிட்டால் அந்த ஸ்பிரிட்டுக்கு வரியில்லை என்று சட்டம் போட்டது. பாலிஷ்காரனுக்கு அன்றைக்குத்தான் விடிந்தது. பாரிஸ் தச்சர்களிடமிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியிருந்த, அரக்குக் கரைசலைத் துணிப்பொதியால் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் பிரெஞ்ச் பாலிஷ் சாமானிய வீட்டுச் சாமான்கள்வரை இறங்கியது. அவலும் ஸ்பிரிட்டும் கையில் இருந்தால் எந்த மூலையிலும் மரத்தை மினுக்கலாம் என்ற நிலை.

இலங்கைக்கு அரக்கு புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மாத்தளைப் பக்கம் ஹப்புவிடவில் கட்டைவிரல் நகத்தால் அரக்கை இழையாக இழுத்துக் கைத்தடிகளிலும் ஏட்டுச் சட்டங்களிலும் கோலமிடும் கைவினை நெடுங்காலமாக இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் ஹப்புவிடக்காரர் அரக்கைச் சூட்டில் இளக்கிப் பூசுகிறார். ஸ்பிரிட் அந்தப் பக்கமே வருவதில்லை. இந்த வேறுபாட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கல்கத்தாவில் ஏறிக் கொழும்பில் இறங்கிய அவலரக்கு மலைக்கு வந்த வழி, தேயிலை இறங்கிய வழியேதான். ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் மறுவருஷம் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வர 1924 ஆனது. அதுவரை கடைசித் தூரம் மாட்டு வண்டி. பதுளையிலிருந்து மேலே ஏறி, 2,036 மீட்டர் நமுனுகுல மலையின் தோளில் இருக்கும் ஸ்பிரிங்வெலி, கனவரல்ல போன்ற தோட்டங்களுக்கு ஒவ்வொரு டின்னாக, ஒவ்வொரு பொட்டலமாகப் போனது.

அதே காலத்தில் மனிதரும் நகர்ந்தார்கள். அரக்கு சேர்த்த சோட்டா நாக்பூர் மக்களை ஆள்பிடித்து அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரத்துச் சனங்கள் மண்டபம் முகாமைத் தாண்டி இலங்கைக்கு வந்தார்கள். முண்டா குடும்பம் ஒன்று தேயிலை பறிக்க வடகிழக்கே போக, அவர்கள் காட்டுப் பிசின் தெற்கே வந்து, தேயிலை பறிக்க வந்த தமிழர்களின் துரை வீட்டுத் தரையில் ஏறியது. இரண்டு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

பலகைகளும் நாடு தாண்டி வந்தவைதான் என்பதற்கு ஊவாவிலேயே பார்க்கக்கூடிய சாட்சி அப்புத்தளை அடிஷாம். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனித் தலைவராக இருந்த சர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த கல் மாளிகை. தரை, படிக்கட்டு, கதவு எல்லாம் பர்மாத் தேக்கு. 1960களின் தொடக்கத்திலிருந்து அது பெனடிக்ட் துறவிகளின் மடம். முன்கூடத்தையும் நூலகத்தையும் இன்றும் சனங்கள் போய்ப் பார்க்கலாம். எல்லாத் துரைமாரும் வில்லியர்ஸ் அல்ல. நமுனுகுலப் பக்கத்து பங்களாக்களில் சாப்பாட்டு அறைக்கும் படுக்கை அறைக்கும் பலகை போட்டு, இஸ்தோப்பையும் குசினியையும் சிவப்புச் சீமெந்தோடு விட்டதே அதிகம்.

அந்தத் தரையை மினுக்கியவர்கள் தோட்டத்துப் பொடியன்கள். மலைக்குப் போக வேண்டிய ஆளுக்குப் பங்களா வேலையில் பேர் போடுவார்கள். தேங்காய் மட்டையைப் பாதியாக அறுத்து, அதன்மேல் ஒரு காலை வைத்து முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்க வேண்டும். காலையில் தொடங்கினால் மெம்சாப் எழும்பும்போது முகம் தெரிய வேண்டும். வேலை முடித்துப் போய்ப் படுப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில், சாணம் மெழுகிய மண் தரையில். மண் தரை ஈரம் குடித்தால் மறுபடி சாணம் மெழுகிச் சரிக்கட்டிவிடலாம். பங்களாத் தரை வெளுத்தால் யாராவது ஒருவனுக்கு ஏச்சு விழும். துடைத்தவன் ஈரத்தை விட்டுவிட்டான் என்று.

அவன் விட்டிருக்கவும் மாட்டான். அரக்குப் படலத்துக்குள் தண்ணீர் போக மூன்று வழி இருக்கிறது. கவிழ்ந்த பூச்சாடி, ஒழுகும் கூரை, ஈரச் சப்பாத்து ஆகியவை மேலிருந்து வரும் வழி. தண்ணீர் சில மணி நேரம் நின்றாலே படலம் உறிஞ்சத் தொடங்கிவிடும். இரண்டாவது வழி பூசும் நாளிலேயே திறக்கிறது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் ஏறியிருக்கும் நாளென்றால் அந்தக் குளிர்ந்த படலத்தின்மேல் பனி இறங்கும். காய்ந்து முடியாத அரக்கு அதை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். ஸ்பிரிட்டிலேயே தண்ணீர் கலந்திருந்தாலும் இதே கதிதான். மூன்றாவது பழைய கரைசல். அரக்கின் அமிலம் ஸ்பிரிட்டோடு போத்தலுக்குள்ளேயே மெல்ல மெல்ல வினைபுரிந்துகொண்டிருப்பதால், மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த பாலிஷ் முழுதாக இறுகாது. அப்படிப்பட்ட படலம் சொட்டுத் தண்ணீருக்கே வெளுக்கும்.

வெள்ளை நிறம் என்று உள்ளே எதுவும் இல்லை. படலத்துக்குள் சிக்கிய ஈரமும் அது விட்டுப்போன நுண்ணிய இடைவெளிகளும் வெளிச்சத்தை நேரே மரம்வரை போகவிடாமல் எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. எல்லா நிறமும் சேர்ந்து சிதறுவதால் கண்ணுக்கு வெண்மை. ஐப்பசிக்குமேல் நமுனுகுலச் சிகரங்களை மூடும் மூடுபனிக்கும் இதே காரணம்தான். சிகரம் எங்கும் போய்விடவில்லை; மரமும் அப்படியே கீழே இருக்கிறது.

நமுனுகுலத்தின் தட்பவெப்பம் இந்த வேலைக்கு ஒரே வருஷத்தில் நண்பனும் எதிரியும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. கடைசி வாரங்களில் சுவரே வியர்க்கும். அப்போது பாலிஷ் போத்தலைத் திறப்பவன் வெள்ளையை விலைக்கு வாங்குகிறான். ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து போய் இந்தப் பக்கம் இறங்கும். ஊவாத் தேயிலையின் பேர்போன வாசம் அந்தக் காற்றில்தான் கூடுகிறது. கொழுந்துக்கு எது நல்ல காலமோ அதுவே பாலிஷுக்கும் நல்ல காலம். முற்பகல் பத்து மணிக்குமேல், யன்னலைத் திறந்துவைத்து வேலை செய்ய வேண்டும்.

வெளுத்த தரையைச் சரிக்கட்டுவதில் முதல் வேலை ஒன்றும் செய்யாமலிருப்பது. தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் இரண்டு நாள் விட்டால் புதிய வெள்ளை தானே போய்விடுவது உண்டு. இதற்குப் பொறுமையில்லாமல் மண்ணெண்ணெய், உப்புத்தாள் என்று இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். துணியைப் போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கும் வைத்தியமும் உண்டு. அரக்கு எழுபது பாகை சென்டிகிரேட்டை ஒட்டி இளகிவிடும் பொருள் என்பதால், வெள்ளை போய் இஸ்திரிப் பெட்டியின் அச்சு தங்கிவிடும்.

போகாத வெள்ளைக்கு மருந்து ஸ்பிரிட்டேதான். எது ஈரத்தை உள்ளே கூட்டிவந்ததோ அதுவே வெளியேயும் கூட்டிப்போகும். அரக்கு எத்தனை வருஷம் காய்ந்தாலும் ஸ்பிரிட்டைக் கண்டால் மறுபடி இளகும். நல்ல பாலிஷ் பாஸ் செய்வது இதுதான்: பஞ்சைப் பழைய, நூல் பிரியாத பருத்தித் துணியில் சுற்றிக் கைக்குள் அடங்கும் பொதியாக்குவார். சில சொட்டு ஸ்பிரிட் விட்டு உள்ளங்கையில் அழுத்தி அழுத்தி ஈரத்தைப் பரப்புவார். உதட்டருகே கொண்டுபோனால் குளிர் தெரிய வேண்டும், ஈரம் தெரியக்கூடாது. பிறகு பலகையின் ரேகை போகும் திசையில் ஒரே வீச்சு. பொதி ஓட்டத்திலேயே தரையைத் தொட்டு ஓட்டத்திலேயே தரையை விட்டு எழும்ப வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் படலம் துணியோடு வந்துவிடும். நாலைந்து வீச்சு, பிறகு சில நிமிடம் ஓய்வு, மறுபடி. மேற்படலம் ஒரு கணம் இளகித் திறக்க, உள்ளே அடைபட்ட ஈரம் ஸ்பிரிட்டோடு சேர்ந்து பறந்துவிடும். கண்ணெதிரே வெள்ளை கரைந்து மரத்தின் நிறம் திரும்பும். கடைசியில் அன்றைக்கே கரைத்த புது அரக்கில் மெல்லிய ஒரு பூச்சு, நன்றாக இறுகிய பின் மெழுகு. அரக்கு மாளிகைக் கதை தெரிந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும்: பக்கத்தில் அடுப்பு, பீடி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். ஸ்பிரிட் நனைந்த துணியை மடித்து மூலையில் போடாமல் விரித்து வெளியே காயவிட வேண்டும்.

கறுப்புக் கறை வேறு சங்கதி. அது படலத்தைத் தாண்டித் தண்ணீர் மரத்துக்கே போய், மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஆணியின் இரும்பும் கூடி மையானதன் அடையாளம். அங்கே ஸ்பிரிட் எடுபடாது. பூச்சை முழுக்க எடுத்து, கையுறை போட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பூசி, பலமுறை கழுவிக் காயவைக்க வேண்டும். அமிலம் நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிகுந்த கவனம் வேண்டும். அரக்குக்கு இன்னொரு பகை சலவைச் சோடா. தண்ணீரில் கரையாத அரக்கு காரத் தண்ணீரில் கரையும். சுத்தம் பேணுகிறேன் என்று சோடா போட்டுத் தரை கழுவிய வீடுகளில் வெள்ளையென்ன, படலமே மிஞ்சாது.

இந்தப் பிசின் தரையில் மட்டும் இருக்கவில்லை. அதே பங்களாவின் முன்கூடத்திலும், பின்னாளில் தோட்டத்துக் கடைவீதியிலும் சுழன்ற கிராமபோன் இசைத்தட்டுகளை அரக்கும் கல்தூளும் கரியும் கலந்துதான் வார்த்தார்கள். கல்கத்தா சியால்தாவில் 1908இலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்கு, மூலப்பொருள் பக்கத்திலேயே கிடைத்ததும் ஒரு வசதி. கே. பி. சுந்தராம்பாளின் குரல் மலைக்கு ஏறியது அரக்கின் முதுகில். இரண்டாம் உலகப் போரில் அரக்கு போர்ச் சரக்கானது. 1942இல் அமெரிக்கா இசைத்தட்டுக்கு அரக்கு தருவதைக் கடுமையாகக் குறைத்தது. போர் முடிந்தபோது வினைல் தயாராக இருந்தது. தரையிலும் அப்படியே. முதலில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், பிறகு பொலியூரித்தேன். ராஞ்சி நாம்கும்மில் அரக்குக்காகவே 1924இல் எழுந்த ஆய்வு நிலையம் இன்று பெயரும் நோக்கமும் விரிந்து நிற்கிறது. அரக்கு அங்கிருந்து இப்போது மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பழத்துக்கும் பளபளப்பாகப் போகிறது. தரையை மினுக்கியவனின் பேரன் அதை ஆஸ்பத்திரித் துண்டோடு வாங்கி விழுங்குகிறான்.

பங்களாக்கள் பல விடுதிகளாகிவிட்டன. விருந்தினர் சூட்கேஸ் சக்கரத்துக்கும் கொட்டும் தேநீருக்கும் அரக்கு தாங்காது என்று பொலியூரித்தேன் அடிக்கிறார்கள். தாங்குவது உண்மை. அரக்கைவிடப் பலமடங்கு தாங்கும். ஆனால் மழைக்காலத்தில் அவசரமாக அடித்தாலோ, அடியிலிருந்து ஈரம் ஏறினாலோ அதுவும் பனி பிடிக்கும். அப்போது ஸ்பிரிட், தின்னர் எதுவும் அதை இளக்காது. மெஷின் போட்டுச் சுரண்டத்தான் வேண்டும். ஒவ்வொரு சுரண்டலிலும் பலகை கொஞ்சம் மெலியும்; நூறு வருஷத்துப் பலகைக்கு அப்படி எத்தனை முறை மிச்சம் என்று ஒப்பந்தக்காரர் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆகவே வெளுத்த தரையைத் தொடுமுன் அது எந்தப் பூச்சு என்று பார்த்துக்கொள்வது நல்லது. அலுமாரிக்கு அடியில், யாரும் பார்க்காத மூலையில், மெழுகைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். ஒரு நிமிடத்தில் விரலில் ஒட்டினால் அரக்கு. மேலே சொன்ன வைத்தியம் பலிக்கும். ஒட்டாவிட்டால் அதே இடத்துக்குப் பக்கத்தில் லேக்கர் தின்னர் ஒரு சொட்டு. அதற்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் ஸ்பிரிட் போத்தலை மூடி வைத்துவிட்டு, பலகைக்கு அடியில் காற்றுப் போகும் துவாரங்களை இலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள்.